எலக்ட்ரானை எண்ணிப் பழகுங்கள்

வடக்குப்பட்டு, வல்லம், மாத்தூர் என்று ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் இரண்டு வழியில் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க வினைகளிடம் வந்து சேருகிறார்கள். ஒன்று, பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தின் முதல் அலகு. இன்னொன்று, டிப்ளமோ முடித்த கையோடு தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் டிரெய்னியாக நிற்கும் முதல் ஷிப்ட். 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று இங்கே பெரிய ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இப்படிப்பட்ட ஆலைகளைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகளும் பிளேட்டிங் ஷாப்களும் வளர்வது இயல்பு. பிளேட்டிங் நடக்கும் இடத்தில் கழுவிய தண்ணீர் வரும். அதைச் சுத்தம் செய்ய ஒரு சுத்திகரிப்பு நிலையம் (ஈ.டி.பி.) வேண்டும், அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாளைக்கு நீங்களாக இருக்கலாம்.

அந்தத் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில்தான் என் உழைப்புக் காலம் கழிந்தது. பரீட்சைக்காகச் சமன்பாடு எழுதும் பிள்ளைக்கும், டேங்க் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இருவருக்கும் வேண்டிய பாடம் ஒன்றுதான்.

1. ஆக்சிஜனேற்ற எண் போடும் விதிகளை மனப்பாடம் செய்யுங்கள். குணகங்களை ஒருபோதும் செய்யாதீர்கள். விதிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும், குணகங்களுக்கு முடிவே கிடையாது. டைகுரோமேட் அயனியில் ஏழு ஆக்சிஜன், ஆளுக்கு −2, மொத்தம் −14. அயனியின் மின்சுமை −2. ஆகவே இரண்டு குரோமியத்துக்கும் சேர்த்து +12, ஒன்றுக்கு +6. இதைப் பத்து விநாடியில் சொல்ல வரவேண்டும். பெராக்சைடில் ஆக்சிஜன் −1 என்பதை மறக்காதீர்கள்; பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. மேக்னட்டைட்டில் இரும்புக்கு 8/3 என்று விடை வந்தால் பயப்பட வேண்டாம். அது சராசரி. ஓர் இரும்பு +2, இரண்டு இரும்பு +3.

2. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று முதலில் கேளுங்கள். இந்தப் பாடம் முழுக்க எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல்தான். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை நம் வடக்குப்பட்டில் குழி தோண்டியபோது கற்காலக் கருவிகளோடு தங்க அணிகலன் துண்டுகளும் கிடைத்தன. தங்கம் மண்ணுக்குள் எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் தங்கமாகவே வரும். எலக்ட்ரானை எளிதில் விடாத உலோகம் அது. செம்பு அப்படியில்லை, களிம்பேறிப் பச்சையாக வரும். இரும்பு இன்னும் தாராளமாகக் கொடுத்துவிட்டுத் துருவாகிப் போகும். எந்தப் பொருள் எலக்ட்ரானை விடத் தயாராக இருக்கிறது, எது பிடுங்கத் தயாராக இருக்கிறது என்ற உணர்வு வந்துவிட்டால் சமன்பாட்டின் பாதி வேலை பேனா எடுக்குமுன்பே முடிந்துவிடும்.

3. இரண்டு அரை வினைகளையும் தனித்தனியே எழுதுங்கள். புத்தகத்தில் ஆக்சிஜனேற்ற எண் முறை, அயனி-எலக்ட்ரான் முறை என்று இரண்டு உண்டு. தண்ணீரில் நடக்கும் வினைக்கு நான் எப்போதும் இரண்டாவதையே சொல்வேன். ஏனென்றால் அமிலம் எவ்வளவு செலவாகிறது என்பதையும் அது காட்டிக்கொடுக்கும்.

வரிசை மாறக்கூடாது: முதலில் முக்கிய அணு, பிறகு ஆக்சிஜனுக்குத் தண்ணீர், பிறகு ஹைட்ரஜனுக்கு ஹைட்ரஜன் அயனி, கடைசியில் மின்சுமைக்கு எலக்ட்ரான். நம் பக்கத்துப் பிளேட்டிங் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஆறு இணைதிறக் குரோமியம். அதைச் சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டு +3 ஆக இறக்குகிறோம். மெட்டாபைசல்பைட் தண்ணீரில் கரைந்தால் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு பைசல்பைட் அயனி தரும்.

வாங்குபவர்: ஒரு டைகுரோமேட், 14 ஹைட்ரஜன் அயனி, 6 எலக்ட்ரான் சேர்ந்து 2 குரோமியம் (+3) அயனியும் 7 தண்ணீரும் தரும். இடப்பக்கம் −2, +14, −6, ஆக +6, வலப்பக்கமும் +6.

கொடுப்பவர்: ஒரு பைசல்பைட்டும் ஒரு தண்ணீரும் சேர்ந்து ஒரு சல்பேட், 3 ஹைட்ரஜன் அயனி, 2 எலக்ட்ரான் தரும். கந்தகம் +4-லிருந்து +6-க்குப் போகிறது.

ஆறு எலக்ட்ரான் வாங்கப்படுகிறது, ஒரு தடவைக்கு இரண்டுதான் கொடுக்கப்படுகிறது. ஆகவே இரண்டாவதை மூன்றால் பெருக்குங்கள், கூட்டுங்கள், இருபக்கமும் பொதுவாக இருப்பதை அடியுங்கள். கிடைப்பது: ஒரு டைகுரோமேட், 3 பைசல்பைட், 5 ஹைட்ரஜன் அயனி சேர்ந்து 2 குரோமியம் (+3), 3 சல்பேட், 4 தண்ணீர். மின்சுமை இருபக்கமும் பூச்சியம்.

அந்த 5 என்ற எண்ணைப் பார்த்தீர்களா? டேங்க்கில் மெட்டாபைசல்பைட் போடப்போட பி.எச். மெல்ல ஏறுவதற்கும், அமில டோசிங் பம்ப் தானாக ஓடத் தொடங்குவதற்கும் காரணம் அந்த 5. வினை நடக்க அமிலம் செலவாகிறது. மீட்டர் கெட்டுவிட்டதென்று டெக்னீசியனைக் கூப்பிடுமுன் சமன்பாட்டைப் பாருங்கள்.

4. அணுக்கள் சமமாகிவிட்டன, மின்சுமையும் சமமாகிவிட்டது என்பதற்காகச் சமன்பாடு சரி என்று நம்பிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், வகுப்பில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அமிலத்தில் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை கண்ணால் பார்த்தே சமன் செய்து இப்படி எழுதுகிறான் என்று வையுங்கள்: 2 பெர்மாங்கனேட், 1 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி சேர்ந்து 2 மாங்கனீசு (+2), 3 ஆக்சிஜன் மூலக்கூறு, 4 தண்ணீர். எண்ணிப் பாருங்கள். ஆக்சிஜன் அணு இருபக்கமும் 10. ஹைட்ரஜன் 8. மின்சுமை +4. எல்லாம் சரி! ஆனாலும் தவறு.

ஏன் தவறு? ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்கும். இரண்டும் சேர்ந்து பத்து. ஒரு பெராக்சைடு இரண்டுதான் கொடுக்க முடியும், கொடுத்துவிட்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறாக வெளியேறும். பத்து வேண்டுமென்றால் ஐந்து பெராக்சைடு வேண்டும். சரியான விடை 2 பெர்மாங்கனேட், 5 பெராக்சைடு, 6 ஹைட்ரஜன் அயனி. வலப்பக்கம் 2 மாங்கனீசு, 5 ஆக்சிஜன், 8 தண்ணீர். தவறான சமன்பாட்டை வைத்துக்கொண்டு ஸ்டோரில் வந்திறங்கிய 50 சதவீதப் பெராக்சைடைத் தரம்பார்த்தால், அது 10 சதவீதம்தான் என்று ரிப்போர்ட் எழுதுவீர்கள். சப்ளையர்மேல் அநியாயமாகப் பழி விழும். அணுவைச் சமன் செய்வது போதாது. எலக்ட்ரானைச் சமன் செய்யுங்கள், அணு தானாக வந்து உட்காரும்.

5. அமில ஊடகமா, கார ஊடகமா என்று கேள்வியில் கொடுத்திருப்பதை அலங்காரமாக நினைக்காதீர்கள். ஊடகம் மாறினால் வினையே மாறும். அதே பெர்மாங்கனேட் அமிலத்தில் ஐந்து எலக்ட்ரான் வாங்கி நிறமற்றுப் போகும். நடுநிலையில் மூன்றே வாங்கிப் பழுப்பு வீழ்படிவாக நிற்கும். வலுவான காரத்தில் ஒன்றே ஒன்று வாங்கிப் பச்சையாகும். குடுவையில் பழுப்பு நிறம் வந்தால் அமிலம் போதவில்லை என்று அர்த்தம். அந்த ரீடிங்கைக் கொட்டிவிடுங்கள்.

தொழிற்சாலையில் இந்தக் கேள்வி உயிர்ப் பிரச்சினை. குரோமியத் தண்ணீரை அமிலத்தில், பி.எச். 2 முதல் 3-க்குள் வைத்துத்தான் ஒடுக்க வேண்டும். சயனைடுத் தண்ணீர் இதற்கு நேர் எதிர். அதைப் பி.எச். 10-க்கு மேல் காரத்தில் வைத்து ஹைப்போகுளோரைட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து சயனேட் ஆக்க வேண்டும். கார்பன் +2-லிருந்து +4-க்குப் போகிறது, இரண்டு எலக்ட்ரான். குளோரின் +1-லிருந்து −1-க்கு வருகிறது, அங்கேயும் இரண்டு. ஒன்றுக்கு ஒன்று. இவ்வளவு எளிய சமன்பாடு வேறில்லை, இவ்வளவு ஆபத்தானதும் வேறில்லை. ஏனென்றால் பி.எச். இறங்கினால் நச்சு வாயுவான சயனோஜன் குளோரைடு வெளியே வரும். சயனைடு அமிலத்தோடு கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும் வாயு அது. குரோமிய வாய்க்காலும் சயனைடு வாய்க்காலும் எந்த நிலையிலும் சந்திக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு பைப்லைனும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காலால் நடந்து பார்த்துவிடுங்கள். வால்வை யாராவது மாற்றித் திறக்கச் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், காரணம் கேட்காமல் திறக்காதீர்கள்.

இன்னொன்று. ஆய்வகத்தில் ஹைப்போ என்றால் தயோசல்பேட், எலக்ட்ரான் கொடுப்பது. தண்ணீர்ச் சுத்திகரிப்பில் ஹைப்போ என்றால் ஹைப்போகுளோரைட், எலக்ட்ரான் வாங்குவது. கேனில் ஒட்டிய முழுப் பெயரைப் படித்துவிட்டே மூடியைத் திறவுங்கள்.

6. சமன்பாட்டைக் கிலோவாக மாற்றத் தெரிய வேண்டும். பரீட்சை முடிந்தபின் யாரும் உங்களிடம் மோல் கேட்க மாட்டார்கள், எத்தனை மூட்டை என்றுதான் கேட்பார்கள். மேலே பார்த்த சமன்பாட்டின்படி 2 குரோமியத்துக்கு 3 பைசல்பைட், அதாவது ஒன்றரை மெட்டாபைசல்பைட். குரோமியம் 52, மெட்டாபைசல்பைட் 190. 104 கிராம் குரோமியத்துக்கு 285 கிராம்; ஒரு கிராமுக்குச் சுமார் 2.74 கிராம். 10,000 லிட்டர் டேங்க்கில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆறு இணைதிறக் குரோமியம் இருந்தால் மொத்தம் 500 கிராம், அதற்கு 1.37 கிலோ மெட்டாபைசல்பைட்.

சில இடங்களில் விலை குறைவு என்று பெரஸ் சல்பேட் போடுவார்கள். சமன்பாட்டைக் கேளுங்கள். இரும்பு +2-லிருந்து +3-க்குப் போகையில் ஒரே ஓர் எலக்ட்ரான்தான் கொடுக்கும். ஆக, ஒரு டைகுரோமேட்டுக்கு ஆறு இரும்பு. ஏழு நீர் மூலக்கூறு கொண்ட படிக உப்பின் எடை 278. ஆறு மடங்கு 1,668. அதே 500 கிராம் குரோமியத்துக்கு 8 கிலோ உப்பு. அதோடு முடியவில்லை. பிறகு சுண்ணாம்போ காஸ்டிக்கோ போட்டுப் பி.எச். 8, 9-க்கு ஏற்றும்போது குரோமியம் ஹைட்ராக்சைடோடு இரும்பு ஹைட்ராக்சைடும் சேர்ந்து படியும், ஒன்றுக்கு மூன்று. மெட்டாபைசல்பைட் போட்டிருந்தால் உலர்ந்த ஹைட்ராக்சைடு சுமார் ஒரு கிலோ. பெரஸ் சல்பேட் போட்டால் நான்கு கிலோ. ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்தெடுத்த ஸ்லட்ஜ் ஈரத்தோடு இதைப்போலப் பல மடங்கு கனக்கும். அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பாதுகாப்பான நிலநிரப்புக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும். மூட்டை விலையில் மிச்சம் பிடித்ததை லாரி வாடகையில் விட்டுவிடுவார்கள். பர்ச்சேஸ் அலுவலகத்தில் இதைச் சொல்லி வாதாட ஒரு சமன்பாடு போதும். நான் பார்த்த வரையில், நோட்டில் சமன்பாட்டோடு போகும் டிரெய்னியின் பேச்சுக்கு அங்கே காது கொடுக்கிறார்கள்.

7. கணக்கு சொல்வது குறைந்தபட்சம். நிஜத்தில் கொஞ்சம் கூடப் போகும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றின் ஆக்சிஜனும் சல்பைட்டைத் தின்னும். ஆனால் கணக்கைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகிறதென்றால் வேறு எங்கோ கோளாறு. ஒரு கம்பெனியில் தண்ணீர் மஞ்சளாகவே இருக்கிறதென்று ஆபரேட்டர் மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பி.எச். 6-ல் இருந்தது. அந்த நிலையில் வினை ஊர்ந்துதான் நகரும். தேவைப்பட்டது அமிலம். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் ஹைட்ரஜன் அயனி எழுதியிருப்பது அதற்காகத்தான். ஆனால் அந்த நேரத்தில் அவசரப்பட்டு அமிலத்தை ஊற்றியிருந்தால், தேங்கிக் கிடந்த சல்பைட் முழுக்கக் கந்தக டைஆக்சைடாகக் கிளம்பியிருக்கும். மூச்சுக் குழலை அரிக்கும் வாயு. கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கியபடி, காற்றோட்டம் இருக்க, முகமூடியோடு செய்ய வேண்டிய வேலை.

வினை முடிந்ததா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஓ.ஆர்.பி. மீட்டர் எலக்ட்ரானின் இழுப்பைத்தான் மில்லிவோல்ட்டில் காட்டுகிறது. அது சட்டென்று விழும் இடம் முடிவுப் புள்ளி. அதற்கும் மேலே டைபினைல்கார்பசைடு சோதனை செய்யுங்கள். ஊதா நிறம் வந்தால் ஆறு இணைதிறக் குரோமியம் இன்னும் இருக்கிறது. நீர்நிலைக்கு விடும் தண்ணீரில் அதற்கான சட்ட வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராம். அந்தச் செறிவில் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாது.

8. ராணிப்பேட்டையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரகடத்திலிருந்து மேற்கே போனால் காஞ்சிபுரம் தாண்டி வரும் ஊர். அங்கே சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை குரோமேட் உப்புகளைச் செய்தது. மூடிவிட்டுப் போனபோது லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக வழிந்து நிலத்தடி நீரில் இறங்கியது. 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களென்று பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது.

இப்படிப்பட்ட ஆலைகளில் நடக்கும் வினை பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றில் வறுப்பது. இதைச் சமன் செய்யப் பலர் திணறுவார்கள், ஏனென்றால் ஒரே பொருளில் இரண்டு தனிமங்கள் எலக்ட்ரான் கொடுக்கின்றன. இரும்பு +2-லிருந்து +3: ஒன்று. இரண்டு குரோமியம் +3-லிருந்து +6: ஆறு. மொத்தம் ஏழு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வாங்குவது நான்கு. ஆகவே 4 குரோமைட்டுக்கு 7 ஆக்சிஜன். மீதி தானாக வரும்: 8 சோடியம் கார்பனேட், வலப்பக்கம் 8 சோடியம் குரோமேட், 2 பெர்ரிக் ஆக்சைடு, 8 கார்பன் டைஆக்சைடு.

பூமிக்குள் கரையாமல், யாருக்கும் தொல்லையில்லாமல் கிடந்த +3 குரோமியத்தை அடுப்பில் வைத்து +6 ஆக்கியது மனிதன். +6 தண்ணீரில் கரையும், உடம்பின் உயிரணுவுக்குள் புகும், அதன் புழுதியைச் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும். அதைத் திரும்ப +3 ஆக்கும் பொறுப்பும் மனிதனுடையது. நாம் ஈ.டி.பி.யில் எழுதும் சமன்பாடு ராணிப்பேட்டைச் சமன்பாட்டுக்குப் பதில். தோல் தொழிற்சாலை மாசு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. கொடுக்க வேண்டியது பணம் மட்டும் அல்ல, எலக்ட்ரானும்தான் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன்.

9. பள்ளி ஆய்வகத்தில் பெர்மாங்கனேட்-ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலில் சொல்லும் மூன்று கட்டளைகளுக்கும் காரணம் தெரிந்து செய்யுங்கள். சல்பியூரிக் அமிலம்தான், ஹைட்ரோகுளோரிக் கூடாது: குளோரைடும் எலக்ட்ரான் கொடுத்துக் கணக்கைக் கெடுக்கும். 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும்: குளிரில் வினை மந்தம். முதல் சொட்டுகளின் நிறம் மெதுவாக மறைவதைக் கண்டு பதறக்கூடாது: வினையில் பிறக்கும் மாங்கனீசு அயனியே அடுத்த சொட்டுகளின் வினையை விரைவுபடுத்தும்.

10. தினம் ஒன்று எழுதுங்கள், எழுதியதை மின்சுமை கூட்டிச் சரிபாருங்கள், எலக்ட்ரான் கணக்கைக் கடைசியில் இன்னொரு முறை பாருங்கள். இன்றைக்கு இதை எழுதுங்கள்: சயனேட் அயனியை ஹைப்போகுளோரைட் மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து நைட்ரஜன் வாயுவும் பைகார்பனேட்டும் குளோரைடும் ஆக்குகிறது. சயனைடுச் சுத்திகரிப்பின் இரண்டாம் கட்டம் அது, பி.எச். 8.5 அளவில் நடப்பது. சயனேட்டில் நைட்ரஜன் −3 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 2 சயனேட்டுக்கு 3 ஹைப்போகுளோரைட், 1 தண்ணீர் வரவேண்டும். வரவில்லையென்றால் விடையைப் பார்த்து எண்ணைத் திருத்தாதீர்கள். அரை வினையிலிருந்து மறுபடி எழுதுங்கள்.